வால்நட்சத்திரமும் கண்ணாடிப் பெட்டியும்



கல்கி எழுதிய 'பொன்னியின் செல்வன்' 1950-ஆம் ஆண்டு அக்டோபர் 29-ஆம் நாள் 'கல்கி' வார இதழில் தொடங்கி, 1954-ஆம் ஆண்டு மே 16-ஆம் நாள் நிறைவுற்றது. மூன்றரை ஆண்டுக் காலம் வாரந்தோறும் வந்த கதை அது. மணியம் வரைந்த ஓவியங்களோடு வந்த அந்த இதழ்கள் தமிழ்நாட்டோடு நின்றுவிடவில்லை. ஆட்களை ஏற்றி வந்த கப்பல்களில் பினாங்குக்கும், அன்று போர்ட் சுவெட்டன்ஹாம் என்று பெயர் கொண்டிருந்த நம் கிள்ளான் துறைமுகத்துக்கும் ஏடுகளும் வந்தன. எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரிந்தவர் லயத்தில் ஒருவர் இருந்தால் போதும், மண்ணெண்ணெய் விளக்கடியில் பத்துப் பேர் கூடிவிடுவார்கள். படிப்பவர் ஒருவர், கேட்பவர் பலர். நம்மவர்களில் பெரும்பாலோர் நாவல் என்ற ஒன்றை முதலில் கண்ணால் படித்ததில்லை, காதால் கேட்டார்கள்.

2022-லும் 2023-லும் அந்தக் கதை திரைப்படமாக இரண்டு பாகங்களில் வந்தது. படம் பார்த்துவிட்டு வந்த பிள்ளைகள் புத்தகம் எங்கே கிடைக்கும் என்று கேட்டார்கள். பந்திங் வட்டாரத்தில் எனக்குத் தெரிந்த சில குடும்பங்களுக்கு, "படத்தோடு விடாதீர்கள், ஐந்து பாகத்தையும் படியுங்கள்" என்று சொல்லிவைத்தவர்களில் நானும் ஒருவன். சொன்னதன் பயன், படித்தவர்கள் வழக்கோடு வந்தார்கள். வந்தியத்தேவன் நல்லவனா, குந்தவை செய்தது சரியா என்பதெல்லாம் வழக்கில்லை. மந்திரமும் சோதிடமும் பேயும் பிசாசும் வருகிற கதையைப் பள்ளிக்கூடத்து வாத்தியார் எப்படிப் படிக்கச் சொல்லலாம் என்பதே வழக்கு.

இது இன்று புதிதாகப் பிறந்த சண்டை அன்று. நாவல் தமிழுக்கு வருவதற்கு முன்னே நம் முன்னோர் கையில் இருந்தவை விக்கிரமாதித்தன் கதை, மதனகாமராஜன் கதை, அல்லி அரசாணி மாலை, நல்லதங்காள் கதை போன்றவை. பெரிய எழுத்தில் அச்சாகிச் சந்தைகளில் விற்றவை. வேதாளம் பேசும், பதுமை பேசும், கூடுவிட்டுக் கூடு பாயலாம். அதை எவரும் பொய் என்று சொல்லி மூடிவைத்ததில்லை. 1879-இல் மாயூரம் வேதநாயகம் பிள்ளையின் 'பிரதாப முதலியார் சரித்திரம்' வெளியான பிறகுதான், நடக்கக்கூடியது எது, நடக்கமுடியாதது எது என்று கேட்டுக் கதையை நிறுத்துப் பார்க்கும் வழக்கம் மெல்ல மெல்ல வந்தது.

மலாயாவில் அந்தக் கேள்வியை உரக்கக் கேட்கவைத்தவர் பெரியார் ஈ.வெ. இராமசாமி. 1929-ஆம் ஆண்டு இறுதியில் முதல்முறையாக இங்கு வந்தார். இரண்டாம் முறை வந்தது 1954 டிசம்பரில். கல்கி காலமானதும் அதே மாதத்தில், 5-ஆம் நாள். பொன்னியின் செல்வன் முடிந்து ஏழு மாதம்கூட ஆகவில்லை. லயத்தின் ஒரு வீட்டில் பொன்னியின் செல்வன் படிக்கும் குரல், அடுத்த வீட்டில் பகுத்தறிவுப் பேச்சு என்று இரண்டையும் ஒரே காலத்தில் கேட்டு வளர்ந்த தலைமுறை ஒன்று நம்மிடையே இருந்தது. அவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும்தாம் இப்போது என்னிடம் வழக்காடுகிறவர்கள்.

தொழிற்சங்கத்தில் நெடுங்காலம் பொறுப்பில் இருந்து ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர் சொன்னது இது: "வாத்தியாரே, குடந்தை சோதிடர் சொன்னதெல்லாம் பலிக்குது. வால்நட்சத்திரம் தோணுது, ராசா மகன் சாகுறான். இதைப் படிச்ச பிள்ளை நாளைக்குச் சாதகத்தைத் தூக்கிக்கிட்டு அலையாதா? நாங்க முப்பது வருசமா கத்தினது என்னாகும்?"

அவருக்கு எதிர்வீட்டில் இருக்கும் ஆயா ஒருவர், நாற்பது ஆண்டு பால் வெட்டியவர், மாரியம்மன் திருவிழாவில் அருள் வந்து ஆடுகிறவர். பேத்தி படிக்கக் கேட்டவர். அவருக்கும் அதே நாவல்மேல் கோபம், ஆனால் நேர் எதிரான கோபம். "சாமி வந்து ஆடுறவன் வேசக்காரன்னு எழுதியிருக்காரே, ஐயா. அவருக்கு எப்படிக் கை வந்துச்சு?"

இருவரும் ஒரே புத்தகத்தைத்தான் படித்தார்கள். ஒருவருக்கு அதில் மூடநம்பிக்கை மிகுதி. மற்றவருக்கு நம்பிக்கை போதவில்லை. இருவர் சொல்வதற்கும் புத்தகத்தில் இடம் இருக்கிறது என்பதுதான் வேடிக்கை. ஆகவே தீர்ப்புச் சொல்லுமுன் புத்தகத்தையே கொஞ்சம் புரட்டிப் பார்ப்போம்.

கதையின் தொடக்கத்தில் கடம்பூர் மாளிகையில் குரவைக் கூத்தும் வேலனாட்டமும் நடக்கின்றன. தேவராளன் என்பவன் வெறிகொண்டு ஆடி, அரச குலத்து இரத்தத்தைத் தெய்வம் பலியாகக் கேட்பதாகக் குறி சொல்கிறான். கூடியிருந்தவர் நடுங்குகிறார்கள். பின்னால்தான் நமக்குத் தெரிகிறது, அவன் பாண்டிய நாட்டுச் சதிகாரர் கூட்டத்தைச் சேர்ந்தவன் என்று. அவன் வாயில் வந்தது தெய்வத்தின் வாக்கல்ல, ஒரு கட்சியின் திட்டம். தஞ்சை அரண்மனையில் நோயுற்றுக் கிடக்கும் சுந்தர சோழர் நள்ளிரவில் ஓர் ஆவியைக் கண்டு அலறுகிறார். எப்போதோ இறந்துபோனாள் என்று அவர் நம்பிய பெண்ணின் ஆவி என்று நினைக்கிறார். அதுவும் உயிருள்ள ஒருத்தியின் வேடம் என்று பிறகு புலப்படுகிறது. இறந்ததாக நினைத்த பெண்ணோ இறக்கவே இல்லை. ஈழத்துக் காடுகளில் ஊமைப்பெண்ணாகத் திரிகிறாள். காவிரியில் விழுந்த குழந்தையைத் தூக்கிக் கொடுத்த காவேரி அம்மன் என்று அரச குடும்பம் கொண்டாடியதும் அவளையேதான்.

கோடிக்கரைச் சதுப்பில் பூங்குழலி காட்டும் கொள்ளிவாய்ப் பிசாசுகளை எடுத்துக்கொள்ளுங்கள். இருட்டில் குப்பென்று நெருப்புப் பற்றும், அணையும், வேறோர் இடத்தில் பற்றும். அழுகிய செடிகொடிகள் சேற்றுக்குள் கிடந்து கிளப்புகிற வாயு அது. நம் கோல லங்காட் மாவட்டத்துக் கடலோரமும் சதுப்பும் கரிமண்ணும் நிறைந்தது. செம்பனை நடுவதற்காகக் கால்வாய் வெட்டி நீரை வடிக்குமுன் இங்கிருந்த காடுகளில் இந்த நெருப்பைப் பார்த்துக் காய்ச்சலில் விழுந்தவர்கள் உண்டென்று பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். காய்ச்சலுக்குக் காரணம் பெரும்பாலும் கொசு. அந்தக் கணக்கைக் கொள்ளிவாய்ப் பிசாசின் பேரில் எழுதிவிட்டார்கள்.

இப்படிப் பார்த்தால் கல்கி மந்திரத்தைக் காட்டுவதே திரையை விலக்குவதற்காகத்தான். ஆயாவின் கோபத்துக்கு இது ஈடு சொல்லாது என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அவரிடம் ஒன்றைச் சொன்னேன்: "ஆயா, கல்கி அருள் வருவதையே பொய் என்று எழுதவில்லை. அந்தத் தேவராளன் ஒருவன் பொய்யன் என்றுதான் எழுதினார்." அவர் சற்று யோசித்துவிட்டு, "அப்படிப்பட்டவனையும் பார்த்திருக்கேன்" என்றார். தாயத்துக்கும் தகடுக்கும் என்று சம்பளப் பணத்தைக் கறந்துகொண்டு போன மந்திரவாதிகளை அறியாத தோட்டம் எது?

இனி பெரியவரின் குற்றச்சாட்டு. இதற்குப் பதில் அவ்வளவு எளிதன்று. ஏனென்றால் சோதிடத்தைக் கல்கி திரை விலக்கிக் காட்டவே இல்லை. வானதிக்குப் பிறக்கப்போகும் மகன் நாடு பல வென்று புகழ் பெறுவான் என்று குடந்தை சோதிடர் சொல்கிறார். அந்த மகன் இராசேந்திர சோழன். அவன் வென்றதாகத் தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டு சொல்லும் நாடுகளில் கடாரமும் உண்டு. கடாரம் நம் கெடா. அந்தப் படையெடுப்பு 1025-ஆம் ஆண்டு வாக்கில் நடந்தது. சோதிடர் கண்ட எதிர்காலத்தில் நாம் நிற்கிற இந்த மண்ணும் அடங்கியிருக்கிறது! ஆனால் கல்கி எழுதியது 1950-க்குப் பிறகு. நடந்து முடிந்து ஒன்பது நூற்றாண்டு ஆன செய்தியைச் சோதிடர் வாயில் வைத்தால் அது பலிக்காமல் வேறென்ன செய்யும்? சரித்திரக் கதையில் வரும் சோதிடம் ஒருநாளும் தவறாது. அது சோதிடத்தின் பெருமையன்று. எழுத்தாளர் விடைத்தாளைப் பார்த்துவிட்டுக் கேள்வி எழுதியிருக்கிறார், அவ்வளவே. இந்த வேறுபாட்டைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தால் அவர்கள் சாதகத்தைத் தூக்கிக்கொண்டு அலையமாட்டார்கள் என்பது என் எண்ணம். பெரியவர் இதை ஏற்கவில்லை. "சொல்லிக்கொடுக்க வாத்தியார் இல்லாத வீட்டில்?" என்று கேட்டார். நியாயமான கேள்விதான்.

வால்நட்சத்திரத்துக்கு வருவோம். நாவலில் அது வானத்தில் தோன்றிய நாள்முதல் ஊரெங்கும் ஒரே பேச்சு: அரச குலத்துக்கு ஆபத்து. ஆதித்த கரிகாலன் கடம்பூர் மாளிகையில் இறக்கிறான். அதையொட்டி வால்நட்சத்திரமும் மறைகிறது. இது கல்கியின் கற்பனை. ஹேலி என்ற ஆங்கில அறிஞர் 1705-இல் கணக்கிட்டு வெளியிட்ட புகழ்பெற்ற வால்நட்சத்திரம் ஏறக்குறைய 76 ஆண்டுக்கு ஒருமுறை வருவது. 912-லும் 989-லும் அது வந்தது. கதை நடப்பது இந்த இரண்டுக்கும் இடைப்பட்ட காலத்தில், கரிகாலன் கொலையுண்ட நாளையொட்டி. ஆகவே கதையில் வருவது ஹேலியினுடையது அன்று.

அது அண்மையில் வந்தது 1986-இல். அதற்கு முன் வந்தது 1910-இல். அந்த 1910 மே மாதத்தில்தான் இங்கிலாந்து மன்னர் ஏழாம் எட்வர்டு இறந்தார். வால்நட்சத்திரம் தன் வேலையைச் செய்துவிட்டது என்று நம்பியவர்கள் சீமையிலும் இருந்தார்கள். அதே 1910-இல்தான் மலாயாவுக்குத் தமிழர்களை ஒப்பந்தக் கூலிகளாகக் கொண்டுவரும் முறை ஒழிக்கப்பட்டது. ராசா செத்ததை வால்நட்சத்திரத்தின் கணக்கில் சேர்த்தவர்கள், கூலிகளின் கட்டு அவிழ்ந்ததை ஏன் அதன் கணக்கில் சேர்க்கவில்லை? நட்சத்திரம்கூட பெரிய வீட்டுக்குத்தான் சேதி சொல்லும் போலிருக்கிறது!

இந்த வழக்கில் எனக்குப் பிடித்த கருத்தைச் சொன்னது ஒரு மாணவி, இடைநிலைப்பள்ளியில் படிக்கும் பெண். "சார், நட்சத்திரம் யாரையும் கொல்லல. நட்சத்திரத்தைப் பார்த்துப் பயந்தவங்களைத்தான் சதிகாரங்க பயன்படுத்திக்கிட்டாங்க" என்றாள். புத்தகத்தை மறுபடி புரட்டினேன். அவள் சொன்னது சரியாகவே பட்டது. வால்நட்சத்திரத்தைப் பற்றிய பேச்சு பரவப் பரவ, அடுத்து யார் பட்டத்துக்கு வருவது என்ற சூழ்ச்சியும் வேகம் பிடிக்கிறது. ராசா இன்னும் கொஞ்ச நாள்தான் என்று எல்லாரும் நம்பிவிட்ட ஊரில் சதிக்கு ஆள் சேர்ப்பது எளிது.

நாவலில் மந்திரவாதியாக வருகிற ரவிதாசனைப் பற்றியும் ஒரு செய்தி. ஆந்தையைப் போலக் குரல் கொடுத்து ஆட்களைக் கூப்பிடுபவன், காட்டிலும் பாழ்மண்டபத்திலும் திரிபவன் என்று கல்கி அவனைப் படைத்தார். அந்தப் பெயரில் மெய்யாகவே ஒருவன் இருந்தான். காட்டுமன்னார்கோயில் அருகே உடையார்குடி அனந்தீசுவரர் கோயிலில், முதலாம் இராசராசனின் 2-ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்த கல்வெட்டு ஒன்று உண்டு. கரிகாலனைக் கொன்ற துரோகிகள் என்று சோமன், ரவிதாசன், பரமேசுவரன் முதலிய சகோதரர்களின் பெயர்களைக் குறித்து, அவர்களும் உறவினரும் உடைமை இழந்த செய்தியை அது சொல்கிறது. கல்வெட்டு ரவிதாசனுக்குப் பஞ்சவன் பிரமாதிராசன் என்ற பட்டப் பெயரையும் தருகிறது. அது அரசில் உயர் பதவி வகித்தவர்க்குரிய பட்டம். அவன் மந்திரம் போட்டான் என்ற பேச்சே கல்வெட்டில் இல்லை. கதை தொடங்குகிற வீரநாராயண ஏரிக்கரைக்குப் பக்கத்தில் இந்தக் கோயில் இருக்கிறது என்பதையும் சொல்லிவைக்கிறேன்.

எனக்குக் கல்கியின்மேல் குறை உண்டென்றால் இந்த இடத்தில்தான். வால்நட்சத்திரத்தைச் சேர்த்தார், போகட்டும். கொலையில் சம்பந்தப்பட்ட அதிகாரி ஒருவனைக் காட்டு மந்திரவாதியாக்கியதால், கொலை அரண்மனைக்கு வெளியிலிருந்து வந்தது போல ஒரு தோற்றம் உண்டாகிவிட்டது. பட்டமும் பதவியும் பெற்றவர்கள் அரசகுமாரனைக் கொன்றார்கள் என்பது கேட்க இன்னும் கசப்பான செய்தி. இராசராசன் பட்டமேறியது 985-இல். அண்ணன் இறந்து பதினைந்து ஆண்டுபோல் கழிந்த பின்னரே குற்றவாளிகளின் உடைமைமீது கை வைக்கப்பட்டிருக்கிறது. இடையில் நடந்தது என்ன என்று வரலாற்றறிஞர்கள் இன்றும் வாதாடுகிறார்கள். மந்திரவாதி என்றதும் அந்தக் கேள்வி நம் மனத்தில் எழாமலே போய்விடுகிறது.

இன்னொன்று. இளவரசர் அருள்மொழி நோயுற்றபோது நாகப்பட்டினத்துச் சூடாமணி விகாரத்தில் புத்த பிட்சுகள் அவரை மறைத்துவைத்துக் காப்பாற்றுகிறார்கள். நெஞ்சை உருக்கும் பகுதி. ஆனால் ஆனைமங்கலச் செப்பேடுகள், அதாவது ஹாலந்து நாட்டுக்குக் கொண்டு செல்லப்பட்டு லெய்டன் செப்பேடுகள் என்று பெயர் பெற்றவை, அந்த விகாரத்தைக் கட்டத் தொடங்கியவன் கடாரத்து அரசன் சூளாமணிவர்மன் என்றும், கட்டி முடித்தவன் அவன் மகன் மாறவிசயோத்துங்கவர்மன் என்றும் கூறுகின்றன. அதற்கு ஆனைமங்கலம் என்ற ஊரை இராசராசன் தன் 21-ஆம் ஆட்சியாண்டில் வழங்கினான். கணக்குப் பார்த்தால் 1005, 1006-ஆம் ஆண்டு. கதை நடப்பதற்கு ஒரு தலைமுறைக்குப் பிந்தியது! வாலிப வயதில் அருள்மொழி படுத்திருந்ததாகச் சொல்லப்படும் விகாரம், செப்பேட்டின்படி அவன் பேரரசனான பின்னர் எழுந்தது. சோதிடருக்கும் வால்நட்சத்திரத்துக்கும் சண்டை பிடித்த என் வாசகர் ஒருவரும் இதைப் பற்றிக் கேட்கவில்லை. மாயம் கண்ணை உறுத்துகிறது. ஆண்டு பிசகியது உறுத்துவதில்லை. அதிலும் நம் நாட்டோடு தொடர்புடைய செய்தி இது. கெடாவிலிருந்து ஆண்ட ஓர் அரசன் பணம் கொடுத்து நாகப்பட்டினத்தில் கோயில் எழுப்பினான். பல நூற்றாண்டு கழித்து அந்த நாகப்பட்டினத்துத் துறையிலிருந்தே நம் பாட்டன்மார் கப்பலேறி இங்கு வந்தார்கள்.

சரி, மாயம் வரலாற்றை மறைக்கத்தான் செய்யுமா? மலாய் மொழியின் புகழ்பெற்ற நூலான 'செஜாரா மெலாயு'வைப் பாருங்கள். இன்று நமக்குக் கிடைக்கும் படிகளில் ஒன்று 1612-இல் ஜொகூரில் எழுதத் தொடங்கியதாகச் சொல்கிறது. அதில் ராஜா சூரன் என்ற மன்னன் வருகிறான். சில படிகளில் சூலன் என்றும் பெயர். கலிங்க நாட்டிலிருந்து பெரும்படையோடு கிளம்பிச் சீனாவை வெல்லப் போகிறான். சீனர்கள் ஒரு தந்திரம் செய்கிறார்கள். பல்லுப்போன கிழவர்களையும் துருப்பிடித்த ஊசிகளையும் காய்த்த மரங்களையும் ஒரு கப்பலில் ஏற்றி அனுப்புகிறார்கள். "நாங்கள் புறப்பட்டபோது வாலிபர்கள், இந்த ஊசிகள் கடப்பாரைகளாக இருந்தன, இந்த மரங்கள் வழியில் நட்ட விதைகள்" என்ற பொருள்படக் கிழவர்கள் கதை விட, சீனா அவ்வளவு தொலைவா என்று மலைத்து ராஜா திரும்பிவிடுகிறான். பிறகு கண்ணாடிப் பெட்டி ஒன்று செய்து அதற்குள் அமர்ந்து கடலடிக்கு இறங்குகிறான். அங்கே ஒரு நாடு, ஓர் அரசன், அவனுக்கு ஒரு மகள். அவளை மணந்து மூன்று பிள்ளைகளைப் பெற்று, கடற்குதிரைமேல் ஏறிக் கரைக்கு வருகிறான். மலாக்கா அரச வமிசத்தின் வேர் அந்தப் பிள்ளைகள் வழியே போகிறது.

இந்தச் சூலன் என்ற பெயரில் சோழன் ஒளிந்திருக்கிறான் என்று ஆய்வாளர் பலர் கருதுகிறார்கள். 1025-இல் கடல் கடந்து வந்த கப்பற்படையின் நினைவு, எழுதிவைக்க ஆளில்லாமல் வாய்வழியாக வந்து, அறுநூறு ஆண்டு கழித்துக் கண்ணாடிப் பெட்டியாக மாறியிருக்கிறது. பெட்டியை அப்படியே நம்பினால் ஏமாந்துபோவோம். பெட்டி பொய் என்று நூலையே தூக்கி எறிந்திருந்தால், மலாய் மக்கள் நினைவில் சோழனுக்கு ஓர் இடம் இருந்ததை அறியாமலே போயிருப்போம். கடலுக்கு அடியில் போனான் என்பது கதை. கடல்வழியே வந்தான் என்பது கதைக்குள் இருக்கும் செய்தி.

மாயத்தைக் கொண்டு மெய்யைச் சொன்ன இன்னொரு நாவலையும் தோட்டத்துக் குடும்பங்கள் அறிந்திருக்க வேண்டும் என்று விரும்புகிறேன். தென் அமெரிக்காவில் கொலம்பியா நாட்டைச் சேர்ந்த காப்ரியேல் கார்சியா மார்க்கேஸ் 1967-இல் வெளியிட்டது. 'தனிமையின் நூறு ஆண்டுகள்' என்ற பெயரில் 2013-இல் தமிழிலும் வந்தது. அதில் அழகி ஒருத்தி துவைத்த விரிப்புகளை மடித்துக்கொண்டிருக்கும்போதே வானத்துக்குப் பறந்துபோகிறாள். ஒருவர் இறந்த இரவில் ஊர் முழுவதும் மஞ்சள் பூ மழை பெய்கிறது. தன் பாட்டி பேய்க்கதைகளை முகம் மாறாமல், காய்கறி விலை சொல்வது போலச் சொல்வாள் என்றும், அந்தத் தொனியைத்தான் தான் எடுத்துக்கொண்டதாகவும் மார்க்கேஸ் பின்னர் சொன்னார்.

ஆனால் அந்த நாவலில் ஒரு வாழைத் தோட்டமும் இருக்கிறது. அமெரிக்கக் கம்பெனியின் தோட்டம். தொழிலாளர்கள் வேலை நிறுத்தம் செய்கிறார்கள். இரயில் நிலையத்துக்கு முன் கூடிய கூட்டத்தைப் பட்டாளம் சுடுகிறது. மூவாயிரத்துக்கும் மேற்பட்ட பிணங்களை இரயிலில் ஏற்றிக் கடலில் கொட்டுகிறார்கள். தப்பிவந்த ஒருவன் அதைச் சொல்லும்போது ஊரில் எவரும் நம்புவதில்லை. "இங்கே ஒன்றும் நடக்கவில்லை" என்பதே அரசாங்கத்தின் பேச்சு. போகப் போக ஊரின் பேச்சும் அதுவே. பறந்துபோன பெண்ணை நம்பிய ஊர், சுடப்பட்ட தொழிலாளியை நம்பவில்லை. இது முழுக் கற்பனையும் அன்று. 1928 டிசம்பரில் கொலம்பியாவின் சியெனாகா நகரில் யுனைடெட் ஃபுரூட் கம்பெனியின் வாழைத் தோட்டத் தொழிலாளர்கள்மேல் இராணுவம் சுட்டது வரலாறு. மாண்டவர் எத்தனை பேர் என்பதில் இன்றுவரை ஒருமித்த கணக்கு இல்லை.

தொழிற்சங்கப் பெரியவரிடம் இந்தக் கதையைச் சொன்னேன். நெடுநேரம் ஒன்றும் பேசாமல் இருந்தார். பிறகு, "நம்ம கிள்ளான் வேலைநிறுத்தத்தை எந்தப் பேய்க்கதையில வச்சாங்க?" என்றார்.

1941-ஐத்தான் அவர் குறிப்பிட்டார். அவ்வாண்டின் முற்பகுதியில் கிள்ளான் வட்டாரத்து ரப்பர் தோட்டங்களில் தொடங்கிய வேலை நிறுத்தம் சிலாங்கூரின் பல தோட்டங்களுக்குப் பரவியது. கிள்ளான் மாவட்ட இந்தியர் சங்கத்தின் ஆர்.எச். நாதன் அதன் தலைவர்களில் ஒருவர்; தமிழ் நேசனில் பணியாற்றியவர். மே மாதம் அவரைக் கைது செய்து பின்னர் நாடுகடத்தினார்கள். விடுவிக்கக் கோரித் தொழிலாளர்கள் திரண்டார்கள். சிலாங்கூரில் அவசரநிலை அறிவித்து, இந்தியப் பட்டாளத்தையே கொண்டுவந்து அடக்கினார்கள். தொழிலாளர் சிலர் குண்டுபட்டு மாண்டனர். பலர் சிறைப்பட்டனர், நாடுகடத்தப்பட்டனர். ஆண்டு முடிவதற்குள் சப்பானியர் வந்துவிட்டார்கள். அதன் பிறகு சயாம் மரண இரயில்பாதை. ஒரு துயரத்தின்மேல் இன்னொரு பெருந்துயரம் வந்து மூடிக்கொண்டதால், முன்னது பல வீடுகளில் பேச்சிலிருந்தே நழுவிவிட்டது. சப்பானியர் காலத்தை நம் மாவட்டத்து எழுத்தாளரும் ஆசிரியருமான அ. ரெங்கசாமி 'லங்காட் நதிக்கரை', 'நினைவுச்சின்னம்' போன்ற நாவல்களில் எழுதிவைத்தார். மாயம் ஏதும் இல்லாத நேரான எழுத்து. பந்திங் பக்கத்து இடங்களை அறிந்தவர்கள் அவற்றைப் படித்தால் ஒவ்வொரு பாலமும் ஒவ்வொரு ஆற்று வளைவும் கண்முன் நிற்கும்.

தோட்டத்து எல்லையில் வெள்ளைக் குதிரையில் வரும் முனீசுவரனைப் பற்றி நம் பிள்ளைகள் மூச்சுவிடாமல் சொல்வார்கள். அதே பிள்ளைகளிடம் 1941-இல் தங்கள் பாட்டனார்கள் என்ன கேட்டார்கள் என்று வினவினால் விழிப்பார்கள். முனீசுவரனை விட்டுவிடுங்கள் என்று நான் சொல்லவில்லை. அந்தக் குதிரை வரும் வழியில் இன்னொரு செய்தியையும் ஏற்றி அனுப்பத் தெரியாமல் போனோமே என்றுதான் வருத்தம்.

ஆகவே சென்ற பருவத்தில் 1941-ஆம் ஆண்டுக் கோரிக்கைகளை என் வகுப்பில் ஒவ்வொன்றாக வாசித்தேன். சீனத் தொழிலாளருக்குச் சமமான கூலி வேண்டும். பிள்ளைகளுக்கு ஒழுங்கான கல்வி வேண்டும். பெண்களிடம் துரைமாரும் கிராணிமாரும் முறைகேடாக நடக்கக்கூடாது. நல்ல மருத்துவ வசதி வேண்டும். கள்ளுக்கடைகளை மூட வேண்டும். உற்றார் உறவினர் தோட்டத்துக்குள் தடையின்றி வந்து போகவேண்டும். தொழிலாளர்கள் சங்கம் அமைத்துக்கொள்ள உரிமை வேண்டும். அத்தோடு, துரையோ கிராணியோ எதிரில் வரும்போது தொழிலாளி சைக்கிளை விட்டு இறங்கி நிற்கவேண்டும் என்ற வழக்கத்தை ஒழிக்கவேண்டும்.

முந்தின வாரம் ராஜா சூரனின் கண்ணாடிப் பெட்டியை வாய் திறந்து கேட்ட பையன் ஒருவன் கடைசி வரிசையில் இருந்தான். பெட்டிக்குள் மூச்சுவிடக் காற்று எப்படி என்றுகூட அவன் அன்று கேட்கவில்லை. சைக்கிளைப் பற்றி வாசித்ததும் கையைத் தூக்கினான்.

"சார், இது கதைதானே?"